கழிநீரும் கடப்பாடும்

உடலின் அழுக்கைப் போக்க நீரையும் உள்ளத்தின் அழுக்கைப் போக்க வாய்மையையும் வள்ளுவர் ஓரிடத்தில் இணைவைத்துப் பேசியுள்ளார். பள்ளிப் பருவத்தில் நாம் அனைவரும் மனனம் செய்த குறள் அது. வாய்மை பற்றிய அதிகாரத்தில் வருவதாலோ என்னவோ, நமக்குக் கற்பித்தோர் அகத்தூய்மை பற்றிய பகுதிக்கே அழுத்தம் கொடுத்தனர். நீரால் உடல் தூய்மையாகும் என்பது எவரும் அறிந்த உண்மை. அதற்கு விளக்கம் வேண்டியதில்லை எனக் கருதியிருக்கலாம். ஆயினும் அந்த வெளிப்படையான உண்மையிலேயே ஒரு வினா மறைந்து கிடக்கிறது. நம்மைத் தூய்மை செய்த நீர் நமது அழுக்கைத் தான் ஏற்றுக்கொண்டு செல்கிறது. அது எங்கே செல்கிறது? அதன் பின் அந்நீருக்கு யார் பொறுப்பு?

நீரைப் பெறுவது பற்றியும் பகிர்வது பற்றியும் தமிழர் அறநூல்கள் நிறையவே பேசியுள்ளன. மழையைப் போற்றினர், குளம் தொட்டவனை வாழ்த்தினர், வழிப்போக்கனுக்குத் தண்ணீர்ப் பந்தல் அமைத்தவனுக்குப் புண்ணியம் சேரும் என்றனர். ஆனால் பயன்படுத்திய நீரை வெளியே விடுவது அறத்தின் எல்லைக்குள் இதேயளவு அழுத்தத்துடன் வந்ததாக நானறிந்தவரை தெரியவில்லை. இதற்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. நிலம் விரிந்து கிடந்தது, மக்கள் குறைவு. பாத்திரம் கழுவிய நீர் கொல்லைப்புறத்து வாழைக்குப் போயிற்று. குளித்த நீர் தென்னையடிக்குப் போயிற்று. மண்ணே அதனைக் குடித்து முடித்துவிட்டது. வினா எழுவதற்கே இடமிருக்கவில்லை. வாழை நட ஒரு முழம் நிலமும் தனக்கென இல்லாத ஒருவருடைய வாசலில்தான் இவ்வினா முதன்முதலாக முளைக்கிறது எனலாம்.

நான் அதனை எதிர்கொண்டதும் அவ்வாறான ஒரு வாசலிலேயே. மாத்தளை மாவட்டத்தில் இரத்தோட்டைப் பக்கத்து மலைச்சரிவில் உள்ள தோட்டமொன்றில் என் அம்மாயி இன்றும் லயக் காம்பிரா ஒன்றில் வாழ்கிறார். லயத்தின் முன்புறமாக ஒரு கான் ஓடுகிறது. பாத்திரம் துலக்கிய நீர், துணி வெளுத்த சவர்க்கார நீர், பிள்ளைகளைக் குளிப்பாட்டிய நீர் யாவும் அந்தக் கானில் விழுந்து, கீழ் லயத்தின் அருகாகச் சென்று, பள்ளத்து ஓடையில் கலக்கின்றன. மழைக்காலத்தில் அது தெரிவதில்லை. வெயில் காலத்தில் சாம்பல் நிறமாகத் தேங்கி நிற்கும். நாற்றம் இஸ்தோப்பு வரை வரும். சென்ற ஆண்டு விடுமுறையில் விஞ்ஞான பீடத்தைச் சேர்ந்த என் நண்பனொருவனும் நானும் அக்கானின் முடிவில், நான்கு குடும்பங்களின் கழிநீருக்கென, உயிரிக்கரி நிரப்பிய பீப்பா ஒன்றை வைத்தோம்.

உயிரிக்கரி என்பது நமக்குப் புதிய பொருளன்று, பெயர்தான் புதிது. விறகையோ உமியையோ வேறெந்தத் தாவரக் கழிவையோ காற்று மட்டுப்பட்ட நிலையில் ஏறத்தாழ 350 முதல் 700 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் கருக்கினால் கிடைப்பது அது. நம் முன்னோர் பல் துலக்கிய உமிக்கரி அதன் நெருங்கிய உறவு. தென்னமெரிக்காவின் அமேசன் காட்டுப் பகுதியில் ஆதிக்குடிகள் வாழ்ந்த இடங்களில் காணப்படும் கரிய வளமண், பல நூற்றாண்டுகளுக்கு முன் அவர்கள் இட்ட கரியும் வீட்டுக் கழிவும் கலந்து உருவானது என்பதை ஆய்வாளர் கண்டறிந்த பின்னரே உலகின் கவனம் இப்பக்கம் திரும்பிற்று. சிரட்டைக்கரியிலிருந்து தொழிற்படுத்திய கரி செய்து ஏற்றுமதி செய்யும் கைத்தொழில் நம் நாட்டில் 1970களிலிருந்தே வளர்ந்துள்ளது. கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் உயிரிக்கரி நீரிலுள்ள மாசுகளைப் பற்றிக்கொள்ளும் தன்மை பற்றி ஆராய்ந்துள்ளனர்.

அது தொழிற்படும் விதம் எளிமையானது. கருகிய மரத்துண்டின் உள்ளே கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் எண்ணற்று இருக்கின்றன. ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் அது நூற்றுக்கணக்கான சதுர மீற்றர்களாகவும் இருக்கக்கூடும். நீரிலுள்ள நிறப்பொருள்களும் மணப்பொருள்களும் சேதனச் சேர்வைகளும் அப்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. சில வாரங்கள் சென்றபின் வேறொன்றும் நிகழ்கிறது. அத்துளைகளில் பற்றீரியாக்கள் குடியேறிப் படலமாகப் படர்ந்து, கழிநீரிலுள்ள உணவுத் துணுக்குகளையும் சவர்க்காரத்தையும் சிதைத்து உண்ணத் தொடங்குகின்றன. அதன்பின் வேலையின் பெரும்பகுதியை அவையே செய்கின்றன. கரி அவற்றுக்கு வீடாக அமைகிறது. அமோனியத்தைக் கரி ஓரளவு பிடித்துவைக்கும். நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் பிடிப்பதில் சாதாரண கரி வலுவற்றது. நோய்க்கிருமிகளைக் குறைக்குமேயன்றி முற்றாக ஒழிக்காது. ஆகவே வடித்த நீர் குடிக்கத்தக்கதன்று. பள்ளத்து ஓடைக்குச் சற்றுத் தீங்கு குறைந்த நீராகச் செல்லும், அவ்வளவே.

எங்கள் முயற்சி தொடக்கத்தில் தோல்வியில் முடிந்ததையும் சொல்ல வேண்டும். கலேவலைப் பக்கத்து ஆலையிலிருந்து இரண்டு மூடை உமி கொண்டுவந்து, துளையிட்ட தகரக் குழாயைச் சுற்றிக் குவித்து, உள்ளே தீ மூட்டினோம். உமி கறுத்ததும் உடனே நீர் தெளித்து அணைக்க வேண்டும். நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். திரும்பி வந்தபோது குவியல் பாதி வெண்சாம்பலாகியிருந்தது. மீதிக் கரியைப் பீப்பாவில் இட்டால் அது மிதந்தது; பிறகு அடைத்துக்கொண்டது. இறுதியில் மிளகுக்கொடி படரவிடும் கிளிரிசீடியா மரங்களைக் கவ்வாத்துச் செய்த கிளைகளே கைகொடுத்தன. மாத்தளை வாசனைத் திரவியங்களின் மாவட்டம். அத்தகைய கிளைகளுக்கு அங்கு பஞ்சமில்லை. அவற்றைப் பழைய பீப்பாவில் கருக்கி, கடலை அளவு துண்டுகளாக இடித்து, கீழே சல்லியும் மேலே மணலும் இட்டு நடுவில் நிரப்பினோம். கொழுப்பு படிவதற்கென முன்னால் ஒரு சிறு தொட்டியும் அமைத்தோம். நாற்றம் குறைந்தது, நுரை குறைந்தது. நண்பன் போத்தல்களில் மாதிரி எடுத்துக்கொண்டு தன் ஆய்வுகூடத்துக்குச் சென்றான்.

அந்தப் பீப்பாவுக்கு மூன்று வாயில்கள் தள்ளி வசிக்கும் பெரியம்மா ஒருவர், நாற்பதாண்டுகள் கொழுந்து பறித்தவர், எங்கள் வேலையைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “ஏன் தம்பி, நாங்க ஊத்துற தண்ணிக்குத்தான் பீப்பா வைக்கணுமா? நாங்க குடிக்கிற தண்ணிக்கு மேல ஒரு பீப்பா வைக்க ஆளில்லையா?”

லயத்துப் பீலிக்கு வரும் நீர் மேலேயுள்ள ஊற்றிலிருந்து வருகிறது. அவ்வூற்றுக்கு மேலே தேயிலை. தேயிலைக்கு உரமும் களைநாசினியும். அதற்கும் மேலே வங்களா. அங்குள்ள கழிநீர் எங்கே போகிறது என்று நாங்கள் கேட்டதில்லை. பெரியம்மா கேட்டது நீர் பற்றிய வினா மட்டுமன்று. உலகிலுள்ள அழுக்குக்கெல்லாம் முதலில் பொறுப்பேற்க வேண்டியவர்களாகச் சிலரை மாத்திரம் தெரிந்தெடுக்கும் வழக்கம் பற்றிய வினா அது. இவ்வினாவை அன்று சிரித்துச் சமாளித்தோம். அது என்னை விடவில்லை. இக்கட்டுரையும் அதன் விளைவே.

அவ்வழக்கத்துக்கு வரலாறு உண்டு. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே தம்புள்ளை, நாலந்தை ஊடாக நடந்து மாத்தளையை அடைந்தனர். அப்பாதையில் பசியாலும் வாந்திபேதியாலும் மாண்டவர்களின் தொகை சரியாக எண்ணப்படவில்லை. அசுத்தமான நீரே வாந்திபேதியைப் பரப்புகிறது. ஆயினும் அக்காலத்து அதிகாரிகளும் துரைமாரும் நோயைப் பற்றிப் பேசுகையில் அதனைச் சுமந்து வருபவனாகத் தொழிலாளியையே கண்டனர். அவனுக்குக் குடிக்க நல்ல நீர் வைக்காத பாதையைக் காணவில்லை. பிற்காலத்தில் மண்டபம் முகாமில் அவர்கள் தடுத்துவைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டதும் இந்நோக்கின் தொடர்ச்சியே. அழுக்கால் பாதிக்கப்பட்டவன் அழுக்கைப் பரப்புபவனாக எழுதப்பட்டான். அவனுடைய பேரப்பிள்ளைகளின் வாசலுக்குப் போய், ‘உங்கள் கழிநீரைச் சுத்திகரியுங்கள்’ என்று நாம் சொல்லும்போது, எவ்வளவு நல்லெண்ணத்துடன் சொன்னாலும், அப்பழைய குரலின் எதிரொலி அதில் கேட்காமல் இருக்க முடியாது.

எனவே பெரியம்மாவின் வினா நியாயமானது. ஆனால் அந்நியாயத்திலிருந்து என்ன முடிவு பெறப்படும்? மேலே இருப்பவர் தம் கடமையைச் செய்யாதவரை கீழே இருப்பவருக்குக் கடமை இல்லை என்று முடிவு செய்யலாமா? எனது வகுப்பிலுள்ள பலர் தயங்காது ‘ஆம்’ என்பர். சுரண்டப்படுபவனிடம் கடமையைப் போதிப்பது சுரண்டுபவனின் தந்திரம் என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தின் பாதியை நான் ஏற்கிறேன். மற்றப் பாதியை ஏற்க முடியாமைக்குக் காரணம் அந்த ஓடை போய்ச் சேரும் இடங்களே.

ஓடை சுது கங்கையில் கலக்கிறது எனக் கொள்வோம். சுது கங்கை அம்பன் கங்கையில் சேர்கிறது. அம்பன் கங்கையின் நீர் போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் தேங்கி, அதன் ஒரு பகுதி சுரங்கம் வழியாகத் தம்புளு ஓயாவுக்குத் திருப்பப்பட்டு, ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டிய கலா வாவியை அடைகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 87 கிலோமீற்றர் நீளமான ஜய கங்கைக் கால்வாய் அதனை அநுராதபுரத்துக்குக் கொண்டுசெல்கிறது. எஞ்சிய நீர் 2018 இல் நிறைவுற்ற மொறகஹகந்த நீர்த்தேக்கத்தைக் கடந்து, எலஹெர அணைக்கட்டில் மீண்டும் பிரிந்து மின்னேரியா, கந்தளாய்க் குளங்களின் திசையில் செல்கிறது. மிகுதி மகாவலியில் சேர்ந்து கொட்டியாரக் குடாவில் கடலை அடைகிறது. அநுராதபுரத்துச் சிங்கள விவசாயியும் கந்தளாய் வயற்காரனும் மூதூர்க் கரையில் வலை வீசும் தமிழனும் முஸ்லிமும் அந்நீருக்குக் கீழே இருக்கிறார்கள். வடமத்திய மாகாணத்திலும் மாத்தளை மாவட்டத்து வில்கமுவப் பகுதியிலும் சிறுநீரக நோயால் பலர் வருந்துகின்றனர். அந்நோயின் காரணம் ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. அதனை நம் சவர்க்கார நீரின் மேல் ஏற்றுவது அறிவீனம். ஆனால் தம் கிணற்றையே அஞ்சி வாழும் மக்கள் அங்குள்ளனர் என்பது உண்மை. அவர்கள் பெரியம்மாவுக்கு எந்தத் தீங்கும் செய்தவர்களல்லர்.

நீதி பற்றிய மேலைத்தேயச் சிந்தனையின் ஒரு பெரும் மரபு பரிமாற்றத்தை அடிப்படையாகக் கொண்டது. நீ எனக்குத் தீங்கு செய்யாதிருந்தால் நான் உனக்குத் தீங்கு செய்யேன் என்ற உடன்படிக்கையிலிருந்தே ஹொப்ஸ் தொடங்குகிறார். 1971 இல் வெளிவந்த தம் நூலில் ஜோன் றோல்ஸ் சமுதாயத்தைப் பரஸ்பர நன்மைக்கான கூட்டு முயற்சியாகக் காண்கிறார். இருவர் ஒருவருக்கொருவர் நன்மையோ தீமையோ செய்யக்கூடிய நிலையில் இருந்தால் இம்மரபு அழகாகப் பொருந்துகிறது. ஆறு அப்படியன்று, அது ஒரு பக்கமாகவே ஓடுகிறது. மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குத் தீங்கு செய்யலாம். கீழே இருப்பவன் அதே ஆற்றின் வழியே அதனைத் திருப்பிச் செலுத்த முடியாது. நன்றியையும் செலுத்த முடியாது. தலைமுறைகளுக்கிடையிலான நீதி பற்றி எழுதுகையில் றோல்ஸும் இத்தகைய ஒரு சிக்கலை உணர்ந்தே இருந்தார். பின்னால் வருபவர் முன்னால் போனவருக்கு எதையும் தர இயலாது. காலத்தில் தலைமுறை எப்படியோ, நிலத்தில் ஆறு அப்படி.

இதற்கு ஒரு மறுப்பும் கூறலாம். ஆறு ஒரு பக்கமாக ஓடினாலும் லொறி மறுபக்கமாக ஓடுகிறது. கலா வாவி நீரில் விளைந்த அரிசியையும் கொட்டியாரக் குடாவில் பிடித்த மீனின் கருவாட்டையும் மாத்தளைக் கடைகளில் வாங்கித் தோட்டத்தில் உண்கிறோம். நாம் அனுப்பிய நீர் வேறு உருவில் நம் கோப்பைக்கே வருகிறது. இந்த வாதத்தைப் பலரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், எல்லோருக்கும் பிடித்துப்போகிறது. எனக்கு அதில் முழு மனநிறைவு இல்லை. ஏனெனில் அரிசி வேறெங்கிருந்தோ வரத் தொடங்கினால் அன்றே கடமையும் முடிந்துவிடும். தன்னலத்தின் நீண்ட சுற்றுவழியாக அமைந்த அறம் அந்தச் சுற்று அறுந்ததும் அறுந்துவிடுகிறது. கீழே இருப்பவனுக்கு நான் கடமைப்பட்டிருப்பது அவன் எனக்கு அரிசி தருவதால் அன்று. என் கை அவன் கிணறு வரை நீள்வதால். கைக்கு எட்டும் தூரமே கடமையின் தூரம்.

அவ்வாறாயின் பெரியம்மாவும் வங்களாவில் இருப்பவரும் ஒரேயளவு கடமைப்பட்டவர்களா? இங்கேதான் மாத்தளை மண்ணே ஒரு விடை தருவதாக நான் கருதுகிறேன். மாத்தளை நகருக்கு அணித்தாயுள்ள அலுவிகாரையில், கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில், அதுவரை வாய்மொழியாக வந்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. அதன் விநய பிடகத்தில் துறவிகளுக்கான சிறு ஒழுக்க விதிகளுள், நீரில் மலசலம் கழித்தலும் உமிழ்தலும் ஆகாது என்ற விதி ஒன்று உண்டு. தாய்மொழி சிங்களமான சகமாணவர் ஒருவர் வழியாகவே இதனை நான் அறிந்தேன். விதி என்னை வியப்பிலாழ்த்தவில்லை. அதிலுள்ள விலக்கே வியப்பளித்தது. நோயுற்ற துறவிக்கு இவ்விதி பொருந்தாது. நீரைக் காக்கும் கடமையை விதித்தவர்கள், அக்கடமையைத் தாங்க இயலாத உடலொன்று உண்டு என்பதையும் அதே விதியில் எழுதிவைத்தனர். இயலாமை குற்றமன்று. அதே வேளையில், நலமுடன் இருப்பவன் நோயாளியின் விலக்கைத் தனக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

நிலமின்றி, குழாயின்றி, நாட்சம்பளத்தில் வாழும் லயத்துக் குடும்பம் இவ்விடயத்தில் நோயுற்ற துறவியின் நிலையில் உள்ளது என்பேன். அதன் கடமை அழிந்துவிடவில்லை. தாங்கும் வலு வரும்வரை அது இன்னொருவர் தோளில் இருக்கிறது. அந்த இன்னொருவர், லயத்தைக் கட்டி அதில் ஆட்களைக் குடியமர்த்திப் பயன் பெற்றவரும் பெறுபவருமே. நமது 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 28 ஆம் உறுப்புரை இயற்கையைக் காத்து அதன் வளங்களைப் பேணுவதை ஒவ்வொருவரின் கடமைகளுள் ஒன்றாகக் கூறுகிறது. அடுத்துவரும் 29 ஆம் உறுப்புரை அக்கடமைகளை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்கிறது. ‘ஒவ்வொருவரும்’ என்று சொல்லி எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டு, பிறகு ஒருவரையும் கேள்வி கேட்க முடியாது என்று சொல்வதை விட, நோயுற்றவனை மட்டும் விலக்கிய பழைய விதி எனக்கு நுட்பமாகத் தோன்றுகிறது.

இனி எண்ணிக்கை பற்றிய ஆட்சேபம். நான்கு குடும்பங்களின் சவர்க்கார நீரை ஒரு பீப்பா வடிப்பதால் அம்பன் கங்கை மாறிவிடப் போகிறதா? மாறாது. கலா வாவியில் எந்தக் கருவியும் அந்த வேறுபாட்டைக் காட்டாது. டெரெக் பார்பிற் என்ற ஆங்கிலேயச் சிந்தனையாளர் 1984 இல் வெளியிட்ட நூலில் ஒரு கற்பனை வருகிறது. பாலைவனத்தில் பதினாயிரம் பேர் தாகத்தால் தவிக்கின்றனர். வேறு பதினாயிரம் பேர் ஆளுக்கொரு குவளை நீரை ஒரு வண்டியில் ஊற்ற, அது எல்லோருக்கும் பகிரப்படுகிறது. ஒருவரது குவளையால் எவரது தாகமும் உணரத்தக்க அளவு தணியவில்லை. ஆனால் எல்லோருடைய தாகமும் தணிந்தது. உணரத்தக்க விளைவு இல்லாமையால் அச்செயல் பயனற்றது என்பது கணக்கிலுள்ள பிழை என்கிறார் அவர். தலைகீழாகப் பார்த்தால் கழிநீருக்கும் இது பொருந்தும். எவரது வாளியும் ஆற்றைக் கெடுக்கவில்லை, ஆறு கெட்டுவிட்டது.

இக்கணக்கில் நாமும் இருக்கிறோம் என்பதை நான் தாமதமாகவே கண்டுகொண்டேன். 1976 முதல் பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டு, அதன் நீரின் ஒரு பகுதி சுரங்கம் வழியே உக்குவளை மின்னிலையத்துக்குச் சென்று சுது கங்கையில் விழுகிறது. பொல்கொல்லைக்கு மேலே கண்டி நகர் இருக்கிறது. அதற்கும் மேலே, அதே மகாவலியின் கரையில், இக்கட்டுரையை எழுதும் நானும் வாசிக்கும் நீங்களும் இருக்கிறோம். மாத்தளைக்கு நாங்கள் பீப்பாவுடன் போனபோது கீழ்நோக்கியே போய்க்கொண்டிருந்தோம். எங்களை மேட்டில் இருப்பவர்களாக எண்ணவேயில்லை. விடுதிகளில் நாள்தோறும் நாம் குளிக்கும் நீரும் துணி வெளுக்கும் நீரும் எக்குழாய் வழியாக எங்கே போய்ச் சேர்கின்றன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நான் மூன்றாண்டுகள் கேட்டதில்லை. பெரியம்மா காட்டிய விரல் வங்களாவோடு நிற்கவில்லை.

மற்றொரு சிக்கல் கரியோடு தொடர்புடையது. சுத்திகரிப்பு என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. அழுக்கின் ஒரு பகுதியைப் பற்றீரியாக்கள் உண்டு ஒழிக்கின்றன என்பது மெய்யே. எஞ்சியது நீரை விட்டுக் கரிக்கு இடம் மாறுகிறது. சில மாதங்களில் கரி நிரம்பிவிடும். மேற்பரப்பில் கொழுப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். அப்போது ஒருவர் கையை விட்டு அதனை அள்ள வேண்டும். அந்த ஒருவர் யார்? நம் சமுதாயத்தில் இவ்வினாவுக்கு நெடுங்காலமாகவே ஒரு விடை தயாராக உள்ளது. மலைநாட்டு நகரங்களில் நகரசுத்தித் தொழிலாளராகத் தலைமுறை தலைமுறையாக வேலை செய்பவர்கள் எச்சாதியினர் என்பதை நாம் அறிவோம், அறியாதவர்போல் நடந்துகொள்கிறோம். 1927 இல் இலங்கை வந்த காந்தி தம் ஆசிரமங்களில் மலசலகூடம் கழுவும் வேலையை எல்லோரும் முறைவைத்துச் செய்ய வேண்டும் என்று கடைப்பிடித்தவர். அவரை வரவேற்று மாலையிட்டோர் பலர். அந்த முறைப்பட்டியலைத் தம் வீட்டில் தொங்கவிட்டோர் எத்தனை பேர் என்று தெரியவில்லை. எங்கள் பீப்பாவுக்கு நாங்கள் ஒரு முறைப்பட்டியல் எழுதினோம். அதில் நான்கு குடும்பங்களின் பெண்களின் பெயர்களே இருந்தன என்பதை நண்பன்தான் சுட்டிக்காட்டினான். எழுதியது நான்.

அள்ளிய கரி வீண்போவதில்லை. சில மாதங்கள் சாணத்தோடும் இலைதழையோடும் மக்கவிட்டு, கிருமிகள் ஒடுங்கிய பின் மண்ணில் இட்டால், அது பிடித்துவைத்த அமோனியம் செடிக்கு உணவாகிறது. கரி மண்ணில் நூற்றாண்டுகள் கிடந்து ஈரத்தைக் காக்கிறது. அமேசன் கரிமண்ணின் கதை மீண்டும் நிகழ்கிறது எனலாம். அழுக்கு என்று நாம் அழைத்தது இடம் தவறிக் கிடந்த உரம் என்று இதனை விளக்கிப் பெரியம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். “எந்த மண்ணுல போடுறது தம்பி?” என்றார். லயத்துப் பின்புறத்தில் அவர் கத்தரியும் மிளகாயும் நட்டிருக்கும் பாத்தி அவருடையதன்று. வீடும் அவருடையதன்று. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் இம்மலைகளில் உழைத்த மக்களுள் பெரும்பாலோருக்குத் தாம் வாழும் நிலத்துக்கு உறுதி இல்லை. பிறர் நிலத்துக்குத் தம் வியர்வையைப் போலவே தம் கழிநீரின் வளத்தையும் தரச் சொல்வதா என்று எனக்குள் தோன்றியது. வாழையடியில் தொடங்கிய இவ்வினா மீண்டும் நிலத்திலேயே வந்து நிற்கிறது. நிலம் இருந்திருந்தால் பீப்பாவே வேண்டியிருந்திராது என்று கூடச் சொல்லத் தோன்றுகிறது. ஓரளவு அது மிகை.

மார்கழி விடுமுறையில் நாங்கள் மீண்டும் போனபோது பீப்பா அடைத்துக்கொண்டிருக்கும் என்றே எதிர்பார்த்தோம். அது ஓடிக்கொண்டிருந்தது. மேல் அடுக்கை யாரோ வாரி எடுத்து, புதுக்கரி இட்டு, அதன்மேல் கல் வைத்திருந்தார்கள். பெரியம்மாவின் மகன், கொழும்பில் கடையில் வேலை செய்பவர், தீபாவளிக்கு வந்திருந்தபோது செய்ததாக அம்மாயி சொன்னார். பழைய கரி பாத்தியின் ஓரத்தில் சாக்கு மூடிக் கிடந்தது. மேற்புறத்து ஊற்று பற்றித் தோட்ட நிருவாகத்துக்கு லயத்துக்காரர் கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. முறைப்பட்டியலில் இப்போது எட்டுப் பெயர்கள் உள்ளன, நான்கு ஆண்களுடையவை. பீலிக்கு மேலே வைப்பதற்கு ஏற்ற இன்னொரு பீப்பாவை நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம். குடிநீருக்கு இந்தக் கரி போதாது என்று நண்பன் சொல்கிறான். வேறு என்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் தருவதாகவும் கூறியுள்ளான்.